ராக்கம்மாளுக்கு எத்தனை டிக்கெட்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பிடிவாதத்தில் பிறந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கம்பமெட்டு வளைவில் கவிழ்ந்ததிலிருந்து என் கைகள் எழுதுவதில்லை. நான் சொல்லச் சொல்ல முனீஸ்வரி மதினிதான் எழுதுவாள். அப்படியே எழுதுவாளா? கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிடுவாள். மூன்று கதைகள் அப்படி அச்சேறிவிட்டன.

இதை நானே எழுதுகிறேன், நெற்றியால். நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு. திரைக்கு மேலிருக்கும் கேமரா அதைப் பார்க்கிறது. தலை போகும் பக்கம் திரையில் அம்பு போகும். ஓர் எழுத்தின் மேல் ஒரு நொடி அசையாமல் நின்றால் அது விழும். பத்திரிகையின் கதைப் போட்டிக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

2

ராக்கம்மாள் தேனி பஸ் ஸ்டாண்டில் தன்னந்தனியாக மதுரை பஸ் ஏறி

"காப்பி போடவா கிருபா?" என்றாள் மதினி. தலையாட்டினேன். அம்பு எங்கோ ஓடிவிட்டது. (நம் ஊரில் தலையை ஆட்டாமல் யாராவது சரி சொல்லியிருக்கிறார்களா?) வாக்கியம் அங்கேயே நிற்கிறது, பாருங்கள்.

3

ராக்கம்மாள்.............................

இந்தப் புள்ளிகள் நான் வைத்தவை அல்ல. எப்படித் தலையைத் திருப்பினாலும் அம்பு புள்ளியை விட்டு நகரவில்லை. என் கதாநாயகி ராக்கம்மாளுக்கே போக மனமில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மணி நாலேமுக்கால். எனக்கு அழுகையே வந்தது.

"மதினீ!"

ஓடி வந்தவளின் முகத்தில் ஈரம், பொட்டைக் காணோம். முகம் கழுவப் போகுமுன், வழக்கம்போல, கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை எனக்குப் பின்னாலிருக்கும் பீரோக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கேமரா என்னை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அட, கூறுகெட்ட கேமரா!" என்று பொட்டை உரித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு திரையைப் படித்தாள். "ராக்கு தனியாவா போறா?"

"தனியாத்தான். மாப்பிள்ளை கெடையாது, சொல்லிட்டேன்."

"மாப்பிள்ளை யாருக்கு வேணும்? அவகூட நான் போறேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி ஒங்கண்ணன்ட்ட கேட்டுக் கேட்டுப் பதினோரு வருசமாச்சு."

இது எனக்குத் தெரியாது. மூன்று கதை எழுதியவள் ஒருநாளும் சொன்னதில்லை.

4

கண்டக்டர் கேட்கிறார்: "எத்தனை டிக்கெட்டும்மா?"

ஒன்று என்று போட்டால் இது என் கதை. இரண்டு என்று போட்டால் மறுபடியும் அவள் [இந்த வாக்கியத்தை அழிக்க நேரமில்லை.] மணி நாலு ஐம்பத்தெட்டு. இனி அம்பு 'அனுப்பு' மேல் போய் நிற்க வேண்டியதுதான். கண்டக்டர் இன்னும் பதிலுக்கு நிற்கிறார்.

"பத்திரிகைக்காரக அஞ்சு மணின்னுல்ல சொன்னாக, வெரசா அனுப்பு" என்ற மதினி, என் காதருகே குனிந்து, "என்னையும் ஏத்திட்டயா?" என்கிறாள்.

வாசகரே, எனக்காக நீங்கள் தலையாட்டிவிடுங்கள். நான் ஒரு நொடி அசையக் கூடாது.