பின்சுவர் ஸ்பீக்கர்கள்

குவைத்திலிருந்து ரங்கன் வந்து ஒரு வாரம் ஆகியும் மகள் யமுனா அவனிடம் ஒட்டவில்லை. அவன் விமானம் ஏறியபோது அவள் தாய் வயிற்றில் இருந்தாள். இப்போது மூன்று வயது. பொம்மையை வாங்கிக்கொண்டாள், அவன் கை நீட்டினால் மட்டும் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள்.

"கூப்ட்டுக்கினே இருக்காதீங்க. தானா வருவா," என்றாள் மல்லிகா.

ஆந்திர எல்லையில் குப்பம் ஊரில் கிரானைட் லாரி ஓட்டியவன், குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பெரியவர் புதியது வாங்கியபோது பழைய சரவுண்ட் பெட்டியை இவனுக்குக் கொடுத்திருந்தார். ஸ்டீரியோவோடு சேர்த்து, பின்சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் சினிமாக் கொட்டகை மாதிரி நாலு பக்கமும் சத்தம் வரும். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வீட்டுக்குள் கூடியது. சினிமாப் பாட்டு போட்டான். பின்னால் வயலினும் தாளமும் கேட்டன. பாடியவர் குரல் ஏறக்குறைய இல்லை.

"மாமா, பின்னால பாடறவரு ஊமையாப் பூட்டாரே," என்றான் பக்கத்து வீட்டு பவன்குமார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற கொரல இது பின்னால வுடாது. ஓரத்துல கேக்கறத மட்டும்தான் வுடும்," என்றான் ரங்கன். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

முகம் வாடிப்போன ரங்கன், பெட்டியை அணைக்க மனமில்லாமல், மல்லிகா குவைத்துக்குப் பேசி அனுப்பி, அவன் திரும்பக் கொண்டுவந்திருந்த கேசட்டுகளில் ஒன்றைப் போட்டான். போன வருஷம் அவன் அனுப்பிவைத்த, இரண்டு மைக் உள்ள டூ-இன்-ஒன் ரேடியோவில் பதிந்தவை. அங்கே ஒற்றை ஸ்பீக்கர் பிளேயரில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு மனப்பாடம்.

முன்னால் மல்லிகாவின் குரல்: "நாங்க நல்லாக்கீறோம். நீங்க வேளைக்குத் துன்னுங்க…"

பின்னாலிருந்து அவன் கேட்டேயிராத வீடு வந்தது. ஓட்டின் மேல் மழை, ஆட்டின் கத்தல், தூளிக்கயிற்றின் கிறீச். அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. அங்கே இவையெல்லாம் அவள் பேச்சுக்கு அடியில் அமுங்கிக் கிடந்திருந்தன.

யமுனா திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய் ஸ்பீக்கர் துணிமேல் கை வைத்தாள்.

"அம்மா, உள்ள பாப்பா கீது."

"நீதாண்டி அது. அன்னிக்கு உனுக்கு ஜொரம். ஒரு கையில தூளிய ஆட்டிக்கினே பேசனேன்."

"எனுக்கு ஏன் சொல்லல?" என்றான் ரங்கன்.

"சொன்னா நீங்க அங்க சோறு துன்னுவீங்களா?"

அவன் எழுந்துபோய்ப் பின்சுவரோரம், மகளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அழுகை வலுத்தது. முன்னால் மல்லிகாவின் குரல் மழையைப் பற்றியும் கடலைப் பயிரைப் பற்றியும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"பாப்பா அயுவுது," என்றாள் யமுனா அவனிடம். "தூக்கு."

ரங்கன் ஸ்பீக்கரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஒயர் தொங்க, மெதுவாக ஆட்டினான். ஆட்ட ஆட்ட அவன் கண் கலங்கியது. கேசட்டில் அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கி, மழை மட்டும் மிஞ்சியது.

"தூங்கிச்சி. எறக்கி வுடு, நைனா."

வந்த நாளிலிருந்து அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவன் ஸ்பீக்கரைத் தரையில் இறக்கினான். காலியான மடியில் யமுனா ஏறி உட்கார்ந்து, பாப்பா எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள்.

மல்லிகா கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.