சுண்ணாம்பு அத்தியாயம்

சிவசுப்பிரமணியம் சார் டிராகனை நம்பினார். மலை எழுந்து நடப்பதையும் நம்பினார். சுண்ணாம்பை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்.

பண்டாரவளையில் புத்தகம் போடுபவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். போன வருடம் நான் கொடுத்த மாயாஜால நாவலில் பனிக்கட்டி மழையாகக் கொட்டியது, இளவரசி ஆப்பிள் தோட்டத்தில் அழுதாள். நான் பனிக்கட்டியைப் பார்த்தது கடை ப்ரிட்ஜில்தான். "நீர் கண்டதை எழுதும் ஐசே," என்று திருப்பிக் கொடுத்தார். நியாயம்தான். அப்புத்தளை போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறவனுக்கு இளவரசியோடு என்ன பழக்கம்?

ஆகவே கண்டதை எழுதினேன். டிராகன் பறக்கும், மலைகள் நடக்கும் ஒரு நாடு. எந்த வீட்டை மலை மிதிக்கும் என்று பார்க்க அரசனின் ஆள் வருகிறான். அவன் 'ஆபத்து' என்று எழுதினால் வேறிடத்தில் வீடு கிடைக்கும். சனங்களோ, வருகிறவருக்கு மரியாதையாக, சுவர் வெடிப்புகளைப் பூசி வெள்ளையடித்து வைக்கிறார்கள். அவன் பார்த்து, 'நல்ல வீடு' என்று எழுதிவிட்டுப் போகிறான்.

"இந்த அத்தியாயத்தை எடுத்துப்போடும்," என்றார் சார். "இல்லாட்டி, மந்திரவாதி சனத்தை மயக்கினவன் எண்டு ஒரு வரி சேரும். அப்பதான் புத்தகம் போடலாம். சுயபுத்தியோட ஆரும் இப்பிடிச் செய்வினமோ?"

எனக்குக் காது சுட்டது.

"செஞ்சது நான்தாங்க சார்."

சொன்னேன். பெரகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பெருமழைக்குப் பிறகு எங்கள் சுவர் வெடித்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரி வருகிறார் என்றதும், ஒரு பை சிமெந்தும் சுண்ணாம்பும் வாங்கி, மட்டக்கம்பு வைத்து, நானே பூசினேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. அதிகாரி இஞ்சித் தேத்தண்ணி குடித்தார், வீடு அழகாயிருக்கிறது என்று சிங்களத்தில் பாராட்டினார், 'குடியிருக்க உகந்தது' என்று எழுதிக் கொடுத்தார். நான் எழுதிய எதையும்விட நல்ல மாயாஜாலக் கதை அந்தக் கடிதம்தான். ஒரே மாதத்தில் பூச்சு பிளந்துவிட்டது. இப்போது நான்கு விரல் உள்ளே போகும்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சுவரைக் காட்டும். கண்டால் நம்புறன்."

சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டிப்போனேன். மேட்டில் ஏறும்போது சுற்றுலா வழிகாட்டியைப் போல, "எங்க வெடிப்பு மாதிரி இந்தப் பக்கம் எங்கயும் இல்லங்க சார்," என்று பீற்றிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன்.

சுவர் பளீரென்று இருந்தது. என் மனைவி சுதர்ஷினி முழங்கை வரை சுண்ணாம்போடு நின்றாள்.

"என்னா புள்ள இது?"

"சார் வாறாருன்னு நீங்கதானே சொன்னீங்க? பொளந்த செவுத்தோடயா காட்டுறது? நமக்கு மானம் மருவாதி வேணாமா?"

"அவரு பாக்க வந்ததே அந்தப் பொளவத்தான்!"

"பாக்கட்டும். அதுக்காக அசிங்கமாவா போட்டு வைக்கிறது?"

பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, எங்க சிமெந்துல மிச்சம் இருந்ததத்தான் அடைச்சோம். கோடுகூடத் தெரியாது, பாருங்க!"

கோடு தெரியவில்லைதான். சார் சுவரில் விரலை வைத்தார். ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"அத்தியாயம் இருக்கட்டும் கஜேந்திரன்," என்றார் மெதுவாக. "மந்திரவாதி வேண்டாம்."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. டிராகனுக்கு இந்த மனுசன் சாட்சி கேட்கவில்லை. எங்கள் மரியாதைக்குத்தான் கேட்டார். வீட்டுக்கு வருகிறவரை நல்லபடியாக வரவேற்றால் அது மந்திரமா, மயக்கமா? எங்களை மடையராக்க மந்திரவாதி எதற்கு? 'நல்ல வீடு' என்று எழுத ஒரு பேனா போதும். புத்தகம் வரும், நாலு பேர் பாராட்டுவார்கள். அந்தச் சுவருக்குக் கீழேதான் என் பிள்ளை தினேஸ் படுத்துத் தூங்குகிறான்.

கட்டிலுக்கடியிலிருந்து இரும்பு அலவாங்கை இழுத்தேன்.

"ஐசே, என்ன செய்யப்போறீர்?"

"தோண்டி எடுத்துப் படம் புடிச்சு, அந்த ஆபீசரத் திரும்பக் கூப்புடப் போறேன் சார். வர்ற வரைக்கும் இந்தச் செவுத்துல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

ஓங்கிக் குத்தினேன். ஈரப்பூச்சு பலகையாய்ப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெடிப்பு அகன்றிருந்தது. இப்போது முழுக் கையும் போனது. சுதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கோபமெல்லாம் அவள்மேல் வரவில்லை எனக்கு. முதல்முறை பூசியவன் நான்தானே.

இரண்டாம் குத்துக்கு ஓங்கினேன்.

"கொஞ்சம் பொறுங்க!" என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கினாள். "சார், நீங்க இப்பிடி வெளிய வந்து உக்காருங்க. வெள்ளச் சட்ட வேற போட்டிருக்கீங்க."