ஒளியைப் பிடிக்காத ஓட்டம்

"லாபம்" என்று சொல்லிக் கன்னியப்பன் முதல் மரக்காலைக் கொட்டினார். உத்திரமேரூர்ப் பக்கத்துக் களங்களில் நெல் அளக்கும்போது ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு ஒரு கல் எடுத்து வைப்பது அன்றைக்கு என் மனைவி ஆதிலட்சுமியின் பொறுப்பு.

எழுபத்தெட்டாம் வருஷத்து நவரைப் பருவ நெல் அறுவடை அது. கல்யாணத்தால் பாதியில் நின்ற பி.எஸ்ஸி.யில் அவளுக்கு இயற்பியல் தாள் ஒன்று மிச்சமிருந்தது. மறுநாள் காஞ்சிபுரத்தில் பரீட்சை. "களத்து வேல கெட்டுச்சின்னா பரிட்சையும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்று என் நைனா சடையப்பன் முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் மாற்றிக்கொள்ளும் மனிதர் இல்லை.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கன்னியப்பன் சொல்லும் எண்ணோடு அவை சேரவில்லை.

கன்னியப்பன் நிமிர்ந்தார். "இன்னாம்மா, கல்லு வெக்காம ஆகாசத்த பாத்துக்கினு கீற? பிளேன் எதுனா போவுதா?"

களமே சிரித்தது. அவள் ஒரு கல்லைச் சும்மா எடுத்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கன்னியப்பனே பேச்சில் எண்ணிக்கையை விட்டிருந்தார்.

"கணக்கு தப்பிப் போச்சு. மொதல்லேர்ந்து அளக்கணும்" என்றாள்.

"வெயில்ல வேகறோம், இன்னொரு தபாவா?" என்று கூலிக்குக் காத்திருந்த சிட்டம்மாள் தலையில் கைவைத்தாள்.

நைனா ஆதிலட்சுமியை முறைத்தார். "கல்லு வெக்கத் தெரியாதவ பரிட்சைல இன்னாத்த கிழிக்கப் போற? அப்பிடி இன்னா ரோசன?"

"எலக்ட்ரான்னு ஒண்ணு மாமா, தூசியிலும் தூசி. அது ஓடி வந்தா, நிறுத்த எவ்ளோ பாடுபடணும்னு ஒரு கணக்கு. எடையையும் வேகத்தையும் பெருக்கினா போதும்னு நெனைப்போம். ஆனா வெளிச்சத்தோட வேகத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பங்கு ஓடுச்சின்னா, அதப் போல அஞ்சு மடங்கு வருது. இன்னும் ஒரே ஒரு பங்கு ஏத்தினா ஏழு மடங்கு."

"வெளிச்சத்த புடிச்சிடுமா?"

"எவ்ளோ தள்ளினாலும் புடிக்காது மாமா. ஆனா தள்ளுன தள்ளு வீணாவறதில்ல. அதுக்குள்ளயே ஏறிக்கினே போவும்."

"முடிவே இல்லியா?"

"இல்ல மாமா."

அவள் போய்ச்சேர்ந்து இப்போது மூன்று வருஷமாகிறது. உந்தம், ஒளிவேகம் என்று படித்தவர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். தூற்றிய நெல்லின் தூசி இமையில் படிந்திருக்க, பரீட்சையே போகப்போகிற அந்த நேரத்தில் அவள் சொன்னதுபோல யாரும் சொல்லவில்லை. பயத்தில் சொன்னதில்லை அது. அதைச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நைனா நெற்குவியலருகே வந்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

"கல்ல நா வெக்கறேன். நீ போயி அந்தக் கணக்க முடி. காலைல மொத பஸ்ஸ வுட்டுறாத."

"சரிதான், மாமனாரும் ஆகாசத்துக்குக் கெளம்பிட்டாரு" என்றார் கன்னியப்பன்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பம்புசெட்டுத் தொட்டிக்குப் போனாள். விரலைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுச் சுவரில் எழுத ஆரம்பித்தாள். சித்திரை வெயில். நாலாவது வரி எழுதும்போது முதல் வரி காய்ந்து மறைந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி விரலை நனைத்துக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து எழுதிக்கொண்டே போனாள்.