எழுபத்திரண்டு மார்க்

அபராத உத்தரவு வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, தொழில் சான்றிதழ் வாரியம் கொடுத்திருந்த இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிளம்பிங் சான்றிதழ்களும் அவரவர் வீட்டுச் சுவரை விட்டுக் கிளம்பிப் பறந்து வந்து, வாரிய அலுவலகத்தின் உட்கூரையில் ஒட்டிக்கொண்டன. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவை மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

குற்றம் ஒன்றும் ரகசியமல்ல. வாரியத்தின் தேர்வாளர் ஒன்பது வருடமாகப் பட்டறைக்குள் கால் வைக்காமல், பேருந்தில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் எழுபத்திரண்டு மார்க் போட்டு வந்தார். தொண்ணூறு போட்டால் சந்தேகம் வரும், பாஸ் மார்க்கான அறுபதைப் போட்டால் சண்டை வரும் என்பது அவர் கணக்கு. ஊரில் அவருக்குப் பெயரே எழுபத்திரண்டு. ஒழுங்குமுறை ஆணையம் போட்ட அபராதத்தை வாரியம் தன் காரை விற்றுக் கட்டியது. அவரை மட்டும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அத்தனை காகிதத்தையும் வேறு யார் இறக்குவது?

அவர் ஏணி போட்டு இழுத்துப் பார்த்தார். ம்ஹூம், ஒன்றுகூட அசையவில்லை.

புதன்கிழமை ஒரு பிளம்பர் பெண் வந்தாள். புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில். திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும், சான்றிதழோடு. அதுவோ கல்யாண போட்டோவுக்குப் பக்கத்திலிருந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"சார், நான் ரெண்டு நாள் நின்னு பரீட்சை வேலை செஞ்சேன். நீங்க பாக்கவே இல்ல. இப்பவாவது வந்து பாருங்க."

தேர்வில் செய்த குழாய் இணைப்புகளை நம்பர் போட்டுப் பட்டறைச் சுவரிலேயே விட்டுவைப்பது வாரியத்தின் வழக்கம். மூன்று வருடத் தூசியைத் துடைத்துவிட்டு, தேர்வாளர் தண்ணீரைத் திறந்தார். ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துத் தடவினார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். அறுபத்திநாலு என்று எழுதினார்.

"என்ன சார், எட்டு மார்க்க கொறச்சிட்டீங்க!"

"கீழ் வளைவுல ரெஞ்ச் கடிச்ச தடம் இருக்கும்மா."

அவள் முகம் மலர்ந்து சொன்னாள்: "எனக்குத் தெரியும் சார். யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு முதல்ல பயந்தேன். அப்புறம், யாருமே பாக்கலயேன்னு அழுதேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் அவளுடைய சான்றிதழ் பட்டறை வாசல் வழியே வந்து, அவள் கைப்பையில் தானாக மடிந்து உட்கார்ந்தது. அதில் அறுபத்திநாலு என்றே இருந்தது.

மீதியைப் பார்த்து முடிக்க அவருக்குப் பதினோரு வருடமானது. உண்மையாகவே எழுபத்திரண்டு வாங்கியவர்கள் மொத்தம் நான்கு பேர். தேறாதவர்களின் நானூற்றுச் சொச்சம் காகிதங்கள் இன்னும் உட்கூரையில்தான் இருக்கின்றன. அதனால் அந்த அறையில் மின்விசிறி போடுவதில்லை. அலுவலகக் குழாய் ஒழுகினால் அந்தப் பெண்தான் வருகிறாள். வேலை முடிந்ததும், அவர் குனிந்து அடிப்பக்கம் பார்க்கும்வரை அவள் கிளம்புவதில்லை.