சிமெண்ட் ஆலையில் ஒரு குறை

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மேஜையருகே மண்டிபோட்டு அவர் குறை தேடிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை முழுக்க அவள் செய்த குட்டி ஊர். அதைச் சுற்றி ஓடும் பொம்மை ரயில், கிளைத் தண்டவாளம் ஒன்றில் பிரிந்து சிமெண்ட் ஆலைக்குள் நுழையும். பேனாக் குழாயில் புகைபோக்கி, மடிப்பு அட்டையில் தகரக் கூரை. அவர் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த ஆலை அது. படுக்கையில் இருந்தபடியே நேற்றுதான் அதைச் செய்து முடித்திருந்தாள். அவள் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

அங்கே அவருக்குச் சோதனைப் பிரிவு. குறை சொல்வதற்கே சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்தது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும், "ஏங்க, வந்து நொட்டை சொல்லுங்க" என்று கூப்பிடுவாள். அவர் சொல்வார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துச் செய்வாள். இருவருக்கும் அதில் அப்படியொரு குஷி.

இன்றைக்குத் தாண்டாது என்று மருத்துவர் காலையில் வாசலில் வைத்து அவரிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. குறையே இல்லை என்று அவர் வாயிலிருந்து வந்தால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். எப்பாடுபட்டாவது ஒரு குறை வேண்டும்.

கூரையைப் பார்த்தார். சும்மா தூவிய தூசியில்லை. மழையில் நனைந்து, ஓரத்தில் பொருக்குத் தட்டிய தூசி. இது இவளுக்கு எப்படித் தெரியும்? மழைநாளில் அவருடைய சட்டைப் பை அப்படித்தான் இறுகிக் கிடக்கும். அவள்தான் சுரண்டித் துவைப்பாள். அழுக்குச் சட்டையைப் பார்த்தே ஓர் ஆலையைக் கட்டிவிட்டாளே! பெருமை தாங்கவில்லை அவருக்கு. இன்று பார்த்தா இவ்வளவு சரியாகச் செய்து தொலைக்க வேண்டும் என்று எரிச்சலும் வந்தது. டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"கேட் விளக்கு பகல்லயும் எரியுதே?"

"ஒருத்தனும் அணைக்க மாட்டேங்கறான்னு தினமும் வந்து திட்டுவீங்களே."

உண்மைதான்.

"லாரி ரொம்பச் சுத்தமா..." என்று ஆரம்பித்தவர் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு மேலே சேறு தெறித்திருந்தது.

"சொல்லுங்க, நொட்டை எங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஆலையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கு."



"டாக்டர் மாப்பிள்ளைகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அப்ப நம்பல," என்றாள். "இப்ப நம்புறேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெஜமாவே சரியா இருக்கா?"

"நெஜமா. நான் வேலை பார்த்த எடந்தான் அது."

அவள் முகம் மலர்ந்தது. சாயங்காலம் போய்விட்டாள்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டம்மா, "பாவம், அவங்க படுத்ததுலேருந்து தூசி தட்டக்கூட ஆளில்ல போல," என்று ஈரத்துணியோடு ஆலைக் கூரையிடம் போனாள்.

அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடினார்.

"தொடாதீங்கம்மா! அது தானா விழுந்த தூசியில்ல. அவ வச்சது."

அந்த அம்மாள் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிரவேயில்லை.

"இப்படி வாங்க," என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். "இங்கேருந்து பார்த்தா நல்லாத் தெரியும்."