நெருப்புப் பாடத்தில் ஒரு பெயர்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டாள் என்று யாரும் பேச வேண்டாம். போன வியாழக்கிழமை, வட கலிபோர்னியாவின் வெய்ட்ச்பெக் ஊரில், எங்கள் பழங்குடியின் யூரோக் மொழிக்கு நான் நடத்தும் வகுப்பில், செத்துப்போன என் தம்பியின் பெயரை அவன் மனைவி ரோலீன் காதில் விழும்படி ஒலிக்கவிட்டேன். அதுவும் அவன் குரலிலேயே.

இறந்தவர் பெயரை அவர் குடும்பத்தின் முன்னால் நாங்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு அதே பெயரை வைக்கும்வரை அது மூடிக் கிடக்கும். எங்கள் வீட்டில் இனிக் குழந்தை பிறக்கப்போவதில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது, ரோலீனுக்கு ஐம்பது.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"ஆற்றின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த" – வேண்டாம். பனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"[      ] நல்லவன்" – அடைப்புக்குள் என்ன போடுவது? ஒரு பொய்ப் பெயர் போட்டேன். உடனே எவனோ ஒருவன் என் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பெயரை அடித்துவிட்டேன். காலியாகவே இருக்கட்டும்.

3

[      ] போன இலையுதிர் காலத்தில், கூடைக்கு நல்ல குச்சி தளிர்க்க வேண்டுமென்று ஹேசல் புதர்களுக்குத் தீ வைக்கப் போனான். அடி எரிந்த ஓக் மரம் ஒன்று அவன்மேல் சாய்ந்தது. (இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அது எனக்கு, உங்களுக்கு இல்லை.)

அதற்கு முந்தின வருஷம்தான் நாங்கள் இருவரும் நெருப்புப் பாடத்தைப் பதிவு செய்தோம். "யார் நெருப்பு மூட்டுகிறார்?" என்று எங்கள் மொழியில் நான் கேட்பேன். அவன் தன் பெயரைச் சொல்லிச் சிரித்து, "நான்தான்" என்பான். பிறகு பாடம்: சுள்ளியை அடுக்கு, குனிந்து ஊது, புகைக்குத் தள்ளி உட்கார். போன வியாழக்கிழமை வகுப்பில் அதைப் போட்டபோது, அதில் பெயர் வருவதை நான் மறந்துபோனேன்.

[மறந்தேனா?]

வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். ரோலீன், அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தாள். குரல் வந்ததும் கையிலிருந்த கட்டையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

4

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். படி ஏறவில்லை.

"மறந்துட்டீங்களா அண்ணி, இல்ல கேக்கணும்னு ஆசையா?"

"மறந்துட்டேன்டி. சத்தியமா."

"கூடப்பொறந்தவன் பேரு மறந்துபோச்சாக்கும். ரொம்ப நல்லாருக்கு."

நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

"அழிச்சிருங்க. பேர மட்டும் இல்ல, முழுசா."

"அவன் குரல் வேற எதுலயும் இல்லியேடி, ரோலீன்."

"தெரியாமலா சொல்றேன்? பேரு சொன்னா அவரு திரும்பிப் பாப்பாரு, அண்ணி. அவர அனுப்பிவைக்க நான் என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

போகும்போது திரும்பி, "நேத்து அடுப்புக் கதவ மூடுனீங்களா?" என்றாள்.

"மூடுனேன்."

5

முடிவு ஒன்று: பதிவை அழித்துவிட்டேன். வகுப்பில் நானே வாயால் கேட்கிறேன், யார் நெருப்பு மூட்டுகிறார் என்று. எல்லோரும் சும்மா இருக்க, ரோலீன் எழுந்து, "நான்தான்" என்கிறாள். (நன்றாக இருக்கிறது, இல்லையா? அவள் இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.)

முடிவு இரண்டு: பெயரை மட்டும் வெட்டினேன். இதைச் செய்தும் பார்த்தேன். பெயரோடு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டியதில் மிஞ்சியது ஓர் இருமல். அது யாருடைய இருமலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, நடந்தது: ரோலீனிடம் அழித்துவிட்டேன் என்றேன். "எங்கயும் இல்லையே?" என்றாள். "இல்ல." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது அந்தப் பதிவு இருந்த மெமரி கார்டு என் சட்டைப் பையில் இருந்தது.

6

இவ்வளவு நேரத்தில் அந்த அடைப்புக்குள் நீங்களும் ஒரு பெயரை வைத்திருப்பீர்கள், உங்கள் வீட்டுப் பெயரை. வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

அடுப்பு எரிகிறது. கார்டு மேசைமேல் இருக்கிறது. எழுதுவதை நிறுத்தினால் நான் எழுந்து ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். அதனால்தான் நிறுத்தாமல் எழுதிக்கொண்டி–