கடதாசிச் சத்தம்

நஸ்ரியின் கை நடுங்கினால் கடதாசியும் நடுங்கும். கடதாசி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தச் சத்தம் மூதூரில் பாதிப்பேருக்குக் கேட்கும்.

பள்ளிவாசலில் மரண அறிவித்தல் சொல்வது அவனுடைய பொறுப்பு. சம்பளம் கிடையாது. காதுக்குள் ஆட்கள் கதைக்கும் வருத்தம் வந்து, படிப்பித்த வேலையும் போய், வீட்டு அறைக்குள் கிடந்தவனை நம்பி ஊர் கொடுத்த ஒரே காரியம் அதுதான். ஊசி போடத் தொடங்கிய பிறகு அந்த ஆட்கள் அடங்கிவிட்டார்கள். ஆனால் ஊசியோடு கைநடுக்கமும் வந்தது. நடுக்கத்துக்கென்று கிளினிக்கில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை.

ஒருநாள் படகுத்துறை ஜெட்டியடித் தேத்தண்ணிக் கடையில் ஓட்டோக்கார அர்ஷாக் கேட்டான்.

“என்ன மச்சான், நேத்து மௌத்து அறிவிக்கக்குள்ள முறுக்கா திண்ட? கறுக்குமுறுக்கெண்டு ஒரே சத்தம்.”

கடை முழுக்கச் சிரித்தது. நஸ்ரியும் சிரித்தான். அர்ஷாக் கெட்டவன் இல்லை. அன்றைய தேத்தண்ணிக்கும் அவன்தான் காசு கொடுத்தான். அதுதான் நஸ்ரிக்கு இன்னும் கூசியது.

அன்றிலிருந்து கடதாசியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினான். அப்போதும் ஒலிவாங்கியின் பொத்தானை அமர்த்தும் விரல் ஆடியது. முன் வரிசையில் இருப்பவர்கள் அந்த விரலைத்தான் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. எனவே அறிவித்தலுக்கு முன் ஒரு வெள்ளைக் குளிசை கூடுதலாகப் போட்டான். பிறகு காலையிலும் மாலையிலும் கூட்டிப் போட்டான். கை மரக்கட்டைபோல் அசையாமல் நின்றது.

வாய் காய்ந்தது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. தேசிக்காய் வாங்கப் போய்ச் சவர்க்காரத்தோடு வந்தான். குசினிக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றான். வருத்தம்தான் மூளையைத் தின்கிறது என்று நினைத்துப் பயந்தானே தவிர, குளிசையைச் சந்தேகிக்கவில்லை. “கூட்டிப் போடாதீங்க தம்பி, ஞாபகத்தைக் கெடுக்கும்” என்று டொக்டர் முன்னரே சொல்லியிருந்தார். அவர் அதைச் சொன்னபோது நஸ்ரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நஜ்முன் நிஸா அதிகாலை சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன் காலமானார். அவருடைய கணவர் கலீலுர் றஹ்மான், ஜெட்டி வீதியில் வலைக்கடை வைத்திருப்பவர். பள்ளித் தலைவர் சஜீத் ஹாஜியார் விபரத்தை எழுதிக் கொடுத்தார். நஸ்ரி இரண்டு தரம் வாசித்தான், மடித்துப் பைக்குள் வைத்தான், பொத்தானை அமர்த்தினான். விரல் ஆடவில்லை. அவனுக்குள் சின்னப் பெருமை ஒன்று எழுந்தது.

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜெட்டி வீதியைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான் அவர்கள்…”

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பேர் இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. ஊரே காது கொடுத்துக்கொண்டிருந்தது. வாய் தானாகவே முடித்து வைத்தது.

“…வபாத்தானார்கள். ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகையின் பின்னர் நடைபெறும்.”

நல்ல தெளிவான குரல். கடதாசிச் சத்தம் துளியும் இல்லை.

தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்யப் போயிருந்த சஜீத் ஹாஜியார் ஈரக்காலோடு ஓடிவந்தார்.

“டேய், ஆர் மௌத்தெண்டு சொன்ன?”

“கலீலுர் றஹ்மான் நானா.”

“அந்த மனுசன் வாசல்ல கதிரை போட்டு இரிக்காருடா! மௌத்தானது அவர்ட பொண்டாட்டி! எழுதித்தானே தந்த?”

நஸ்ரி பைக்குள் கையை விட்டான். கடதாசி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஹாஜியார் அதைப் பறித்துக்கொண்டு போய்த் தானே திருத்திச் சொன்னார். திரும்பி வந்தபோது ஏசவில்லை. “இனி நீ மைக்குக்குக் கிட்ட வரத் தேவல்ல” என்று மெல்லமாகச் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க முன்னேரமே போக அவனுக்குக் கால் வரவில்லை. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு போனான். திருத்திச் சொன்னது எல்லோருக்கும் எட்டவில்லை. திருகோணமலையில் இருந்த கலீலுர் றஹ்மானின் தம்பிக்கு யாரோ முதல் அறிவித்தலைத் தொலைபேசியில் சொல்ல, அவர் படகேறி வழி முழுக்க அழுதுகொண்டு வந்திருந்தார். நஸ்ரி படலையைத் திறந்தபோது அந்தத் தம்பி கலீலுர் றஹ்மானைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தடவித் தடவி, “அல்ஹம்துலில்லாஹ், நானா உசிரோட இரிக்கார்” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். உள்ளறையில் நஜ்முன் நிஸா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

வாசலில் நின்ற நஸ்ரியைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“வந்துட்டார் அறிவித்தல்காரர்” என்றான் அர்ஷாக். கதிரைகள் ஏற்றிவந்தவன் அவன்தான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

நஸ்ரி என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். அதுவும் மறந்துபோயிற்று. “பிழை வந்துட்டு நானா” என்று மட்டும் வந்தது.

கலீலுர் றஹ்மான் அவனைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நீ என்னை மௌத்தாக்கினது பரவால்ல மகன். காலயில இருந்து வாற ஆக்களெல்லாம் என்னைக் கண்டு சந்தோசப்படுறாங்க. அவளுக்கெண்டு இன்னும் ஒருத்தரும் சரியா அழல்ல.”

நஸ்ரி தலை குனிந்தான். மடியில் கிடந்த அவனுடைய கை அசையவே இல்லை. அந்தக் கையைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை, அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்த மூத்த சகோதரி பஹ்மியா ராத்தா பைக்குள் வெறும் குளிசைத் தகடுகளைக் கண்டாள்.

“மாசக் கடைசி வரைக்கும் வரவேண்டிய குளிசை. எங்கடா?”

“கை நடுங்கினது ராத்தா. ஆக்கள் பாத்தாங்க.”

“பாத்தா என்ன, கண்ணூறா?”

“இனி ஒண்டும் வேணாம். ஊசியும் வேணாம். எல்லாத்தையும் விடப்போறன்.”

“ஊசிய விட்டா காதுக்குள்ள கதைச்ச அந்த ஆக்கள் திரும்பி வருவாங்க. அவங்களுக்கு நான் சோறு சமைக்க ஏலாது.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “நாளைக்கு ஒன்னோட நானும் வாறன். நடந்ததச் சொல்லு.”

கிளினிக்கில் அதைச் சொல்வது பள்ளிவாசலில் நடந்ததைவிடக் கடினமாக இருந்தது. டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

“குளிசையத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பம். ஊசியையும் கொஞ்சம் குறைச்சுப் பாப்பம், ஆனா விடாதீங்க. கை நடுங்கும், அதுக்குத் தயாரா இருக்கவேணும்.”

“மறதி போகுமா டொக்டர்?”

“குளிசையால வந்தது குறையும். வருத்தத்தால வந்ததும் கொஞ்சம் இருக்கும். எது எவ்வளவெண்டு இப்ப என்னாலயும் சொல்ல ஏலாது.”

கை மீண்டும் ஆடத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிலுகிலுத்தது. ஆனால் தேசிக்காய்க்குப் போனால் தேசிக்காயோடு வந்தான், அநேகமான நாட்களில்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு ஊரை அழைக்கவேண்டி வந்தபோது கலீலுர் றஹ்மான் பள்ளிக்கு வந்து, நஸ்ரிதான் சொல்லவேண்டும் என்றார். சஜீத் ஹாஜியார் தயங்கினார்.

“அவளுக்கு ஒரு அறிவித்தல் கடனா இரிக்கி ஹாஜியார். அவன்தான் தரவேணும்.”

“கடதாசியப் பாத்துத்தான் சொல்லவேணும்” என்றார் ஹாஜியார் நஸ்ரியிடம்.

முன் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். நஸ்ரி கடதாசியை விரித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். இரண்டு கையும் ஆடின. பொத்தானை அமர்த்தியதும் சத்தம் கூரைக்கு மேலே போய், ஜெட்டிவரைக்கும் கறுக்குமுறுக்கென்று பரவுவது அவனுக்கே கேட்டது. காது சுட்டது. கடதாசியைப் பைக்குள் வைத்துவிடலாம் போல இருந்தது. வைக்கவில்லை. விரலை வரியில் ஊன்றி, விரலும் வரியும் சேர்ந்து ஆட, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

“ஜெட்டி வீதியைச் சேர்ந்த, கலீலுர் றஹ்மான் அவர்களின் மனைவி, மர்ஹூமா நஜ்முன் நிஸா அவர்களின்…”

யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, குறுக்கு ஒழுங்கையால் வீட்டுக்குப் போனான். பஹ்மியா வாசலில் நின்றாள்.

“கேட்டிச்சா ராத்தா?”

“கேட்டிச்சு. கடதாசி அவ்வளவு சத்தம் போட்டிச்சு.”

“பேர்?”

“பேரும் கேட்டிச்சு” என்றாள் அவள்.